கூட வராத வழிகாட்டி

அறிமுகமில்லாத நாட்டுக்குச் சுற்றுலா போவதென்றால் இரண்டே வழிகள்தான் நம் நினைவுக்கு வரும். கொடி பிடித்தவர் பின்னால் கூட்டமாகப் பேருந்தில் ஏறி இறங்குவது ஒன்று. எல்லாவற்றையும் நாமே தேடி, நாமே பதிவு செய்து, போன இடத்தில் திண்டாடுவது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழி நெடுங்காலமாகவே இருக்கிறது. தங்கும் வீடு, இரவுச் சாப்பாடு, நம் பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி, வழிக்குறிப்பு, ஆபத்தென்றால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் கட்டிவிடலாம். நடப்பது மட்டும் நம் பாடு. 1841-இல் ரயிலில் கூட்டத்தை அழைத்துப்போய்ச் சுற்றுலாத் தொழிலைத் தொடங்கிய தாமஸ் குக், 1868-இல் விடுதிக் கூப்பன்களை விற்கத் தொடங்கினார். கூட்டத்தோடு போக விரும்பாதவர் அந்தச் சீட்டைக் காட்டித் தன் போக்கில் ஊர் ஊராகத் தங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் வழிகாட்டி இல்லை என்று சொல்வது சரியல்ல. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டுப் பயணியின் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அதை எழுதுவது யார், அதற்கான காசு யாருக்குப் போகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதை எழுதும் உரிமையும் அதன் வருமானமும் மலைமக்களிடம் இருந்தால், கள்ளக்குறிச்சி அருகே உள்ள கல்வராயன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான சுற்றுலா வேறில்லை என்பது என் எண்ணம்.

ஜப்பானில் இது நடந்திருக்கிறது. கீ தீபகற்பத்தின் குமனோ கோடோ என்னும் பழைய யாத்திரைப் பாதைகள் 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தன. புகழ் வந்தால் பேருந்துக் கூட்டமும் வரும். ஆனால் தனபே நகரத்தார் 2006-இல் தொடங்கிய சுற்றுலா அமைப்பு, தானாக நடந்துவரும் வெளிநாட்டுப் பயணிகளையே குறிவைத்தது. அங்கே தங்குமிடம் என்பது பெரும்பாலும் வயதானவர்கள் நடத்தும் சிறு வீடுகள்தான். அவர்களுக்கு ஆங்கிலம் வராது, பயணிக்கு ஜப்பானிய மொழி வராது. அமைப்பு அந்த வீட்டுக்காரர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தது. பெயர்ப் பலகைகளின் எழுத்தை ஒரே மாதிரியாக்கியது. பாதையில் 500 மீட்டருக்கு ஓர் எண் குறி இருப்பதால், வழி தவறியவர் தான் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லிவிடலாம். 2010-இல் அந்த அமைப்பே முன்பதிவையும் கையிலெடுத்தது. வெளிநாட்டார் ஒரே இடத்தில் பணம் கட்டுகிறார், அது மலைக்கிராமத்து வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. மொழி தெரியாதவர் துணையில்லாமல் மலை கடக்க முடிவது அவருடைய துணிச்சலால் அல்ல. அவர் வருமுன்பே ஊரார் வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள்.

கல்வராயனில் இந்த முன்வேலை நடக்கவே இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கரியாலூர் படகுத்துறை, சாலையோரம் விழும் பெரியார் அருவி, பிறகு வட்டத் தலைநகரான வெள்ளிமலை. ஞாயிற்றுக்கிழமை ஏறும் கார் பெரும்பாலும் அருவியில் குளித்துவிட்டு மாலையே இறங்கிவிடுகிறது. சாப்பாடு கீழிருந்து கட்டிக்கொண்டு வந்தது, காலிப் புட்டி மலைக்கு விட்டுச் சென்றது. அருவிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாததால் யாரும் தங்குவதில்லை. சொல்வதற்கோ நிறைய இருக்கிறது. வடக்கே சின்ன கல்வராயன் சுமார் 2700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4000 அடி. சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், பலா, கடுக்காய், மலையாளிப் பழங்குடியினரின் கரியராமர் வழிபாடு, 1976 வரை நீடித்த மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி எல்லாம் இந்த மலையின் கதைதான். சென்னையிலிருந்து வருபவருக்கு இது மொழி புரிகிற அந்நிய நாடு. ஆனால் கல்வராயன் என்றதும் வெளியுலகம் நினைப்பது சாராய ஊறலைத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் இடத்தைச் சுற்றுலா நிரப்பாது. பயணி வருகிறார் என்பதற்காக அல்ல, அங்கே வாழ்பவர்களுக்காகவே அவை வரவேண்டும். மலையிலேயே கிடைக்கும் ஒரு கண்ணியமான வருமானமாகச் சுற்றுலா இருக்கலாம், அவ்வளவுதான்.

இதை மறுப்பவர்கள் முதலில் குரங்கணியைக் காட்டுவார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் மூண்ட அந்தக் காட்டுத்தீ 23 பேரைக் கொன்றது. அதன் பிறகு அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 வழிகளிலும், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூடவே நடக்கிறார்கள். காட்டுக்குள் அதுதான் சரி. நடந்தே போகவேண்டிய மேகம் அருவி போன்ற இடங்களுக்கும், மழை பெய்தால் சட்டென்று வெள்ளம் ஏறும் ஓடைகளுக்கும் ஆள் துணை இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. நான் சொல்வது ஊரிலிருந்து ஊருக்குப் போகும் வண்டிப்பாதைகளையும் வயல் வரப்புகளையும். அங்கே தேவைப்படுவது எந்தப் பிரிவில் திரும்புவது, எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம், செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதே. இரவு எட்டு மணிக்குள் பயணி வந்து சேராவிட்டால் தேடிப் புறப்பட ஒரு வீடு காத்திருப்பது, இப்போது தன்னந்தனியாக ஏறி இறங்கும் பைக் இளைஞருக்குக் கிடைக்காத பாதுகாப்பு.

வழிகாட்டும் வேலை பறிபோகாதா என்பது நியாயமான கவலை. அந்த வேலை இப்போதும் ஒரு சில இளைஞர்களுக்கே கிடைக்கும். தங்கும் ஏற்பாட்டிலோ சமைக்கும் பெண்ணுக்கும், பெட்டி ஏற்றும் ஆட்டோக்காரருக்கும், பாதையைச் சீர்செய்பவருக்கும் பங்கு உண்டு. மற்றொரு எதிர்ப்புக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. இந்த மலை இன்னொரு ஏற்காடாகிவிடும், நிலம் வெளியார் கைக்குப் போகும் என்கிறார்கள். போகக்கூடும். புகழ் பெற்ற மலைகளில் அதுதான் நடந்தது. ஆனால் சுற்றுலாவைத் தள்ளிப்போடுவதால் அது நின்றுவிடாது. ஊரார் தயாராகாத இடத்தில் ரிசார்ட்காரர் முதலில் தயாராகிவிடுவார். வீட்டிலேயே ஓர் அறை, ஓர் இரவுக்கு ஊரில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு, முன்பதிவு கிராம சபைக்குப் பதில் சொல்லும் மகளிர் குழுவிடம் என்று முதலிலேயே எழுதிவைத்தால், கட்டடம் கட்ட வருபவருக்கு இங்கே கிடைக்கும் லாபம் குறையும்.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் இடைப்பட்ட ஊர்களில் விருப்பமுள்ள ஐந்தாறு வீடுகள் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகளில் நீர் வற்றாமல் இருக்கும் தை மாதம் ஏற்ற காலம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுத்தமான கழிப்பறை கட்டுவதற்கு முதல் பணத்தைச் செலவிட வேண்டும். அடுத்த செலவு வழித்தாளுக்கு. அதில் பயணிக்குத் தேவையான குறிப்புகளோடு ஊரார் கேட்டுக்கொள்வதும் இருக்க வேண்டும்: எந்தக் கோயிலுக்குள் செருப்போடு நுழையக் கூடாது, யாரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, குப்பையை எந்த ஊர்வரை சுமந்து இறங்க வேண்டும். கட்டணத்தில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு பாதைக்கு, எவ்வளவு ஊர்ப் பொதுநிதிக்கு என்பதையும் அதே தாளின் அடியில் அச்சிட்டுவிடலாம்.