துருவத்துப் பனியும் நம் பட்டினங்களும்



திருத்தணி என்றால் மலைக்கோயிலும் ரயிலும் ஆந்திர எல்லையும் நினைவுக்கு வரும். கடல் வராது. இங்கிருந்து கடற்கரை சுமார் 75 கிலோமீட்டர். ஆனாலும் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "ஹழ்ரத், ஐஸ் உருகி சென்னை மூழ்கிவிடுமாமே, கியாமத் நெருங்கிவிட்டதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கியாமத்தின் நேரம் அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். பனி உருகுவதைப் பற்றி ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருப்பதை நாமும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில், எல்லாப் பனியும் ஒன்றல்ல. நோன்பு திறக்க வைத்த சர்பத்தில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் கிளாஸ் வழிவதில்லை. வட துருவக் கடலில் மிதக்கும் பனியும் அப்படித்தான். அது உருகுவதால் கடல் மட்டம் அநேகமாக உயராது. நிலத்தின் மேல் கிடக்கும் பனி கடலில் இறங்கினால்தான் பிரச்சினை. அப்படிக் கிடப்பவை இரண்டு: கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும். அண்டார்டிகா இந்தியாவைப் போல் நான்கு மடங்குக்கும் பெரியது. அதன் மேல் சராசரியாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி. கிரீன்லாந்து முழுவதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்டிகா உருகினால் சுமார் 58 மீட்டர். வீடியோக்காரர்கள் இந்த எண்களைத்தான் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதைச் சொல்வதில்லை.

இவ்வளவு பெரிய பனியை எப்படி எடை போடுகிறார்கள்? 2002இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அவற்றின் இடைவெளி சுமார் 220 கிலோமீட்டர். கீழே பனி அதிகமுள்ள இடத்தில் ஈர்ப்பு கூடும். முன்னே போவது சற்று இழுபட்டு இடைவெளி மாறும். தலைமுடியின் கனத்தைவிடச் சிறிய மாற்றத்தையும் அவை பதிவு செய்தன. 2018 முதல் அதே வேலையை அடுத்த ஜோடி செய்கிறது. கிடைத்த கணக்கு: கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன்னும் அண்டார்டிகா சுமார் 15,000 கோடி டன்னும் பனியை இழக்கின்றன. 36,000 கோடி டன் பனி கரைந்தால் உலகக் கடல் 1 மில்லிமீட்டர் உயரும். ஆக, இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதனுடன் மலைகளின் பனியாறுகள் உருகுவதும், சூடேறிய கடல் நீர் விரிவதும் சேர்கின்றன. 2006 முதல் 2018 வரை கடல் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் சொன்னது.

அண்டார்டிகாவுக்கு முதல் இந்தியக் குழுவை அழைத்துப் போனவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அலிகரில் விலங்கியல் படித்தவர். பின்னாளில் ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தர். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து 21 பேருடன் கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று பனியில் கால் வைத்தார். 2015இல் வஃபாத்தானார். அவருக்குப் பின் அமைந்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் சில ஆண்டுகளிலேயே பனிக்குள் புதைந்துபோனது. இன்று 'மைத்ரி', 'பாரதி' என்ற இரு நிலையங்களில் நம் நாட்டவர் ஆய்வு செய்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். பெரிய பனித் திரள் தன் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. தண்ணீர் தொலைவுக்கு நகர்கிறது. அதனால் கிரீன்லாந்தின் பனி குறையும்போது அதன் கரையோரத்தில் கடல் தாழ்கிறது. பூமத்திய ரேகைப் பக்கமுள்ள நம்மைப் போன்றவர்களின் கடல் சராசரியைவிடக் கூடுதலாக உயர்கிறது.

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம்: நம் முன்னோர் மரக்கலமேறி வாணிபம் செய்த ஊர்கள் எல்லாம் கடலோரத்தில்தான். பள்ளிவாசல்களும் கப்ருஸ்தான்களும் அங்கேதான். அலை வந்து அடிப்பதற்கு முன்பே கிணறு உப்பாகும். நம் திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூரில் நிலத்தடி வழியாகக் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதற்குக் காரணம் துருவப் பனி அல்ல. அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியது. வட சென்னைக் கடலரிப்புக்கும் துறைமுகச் சுவர்கள் பெரிய காரணம். எல்லாப் பழியையும் பனியின் மேல் போட்டுவிட்டு மனிதர்கள் தப்பிக்கக் கூடாது. ஆனால் இந்தக் காயங்களின் மேல்தான் கடல் ஏறுகிறது. திருத்தணிக்கும் இதில் தொடர்பு உண்டு. நம் பக்கத்து நகரி ஆற்றின் வெள்ளம் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து எண்ணூரில் கடலுக்குப் போகிறது. கடல் உயர உயர முகத்துவாரத்தில் அது வடிவது தாமதமாகும். தாழ்ந்த இடங்களில் தேங்கும்.

சிலர் பயான்களில், பூமி அதன் ஓரங்களிலிருந்து குறைக்கப்படுவதைப் பற்றிய ஸூரா அர்ரஅதின் 41ஆம் வசனத்தை இதனுடன் இணைக்கிறார்கள். முஃபஸ்ஸிர்கள் அதற்கு இஸ்லாத்தின் வெற்றிகள் பரவுவது என்றும், உலமாக்களின் மரணம் என்றும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நாளை அறிவியல் கணக்கு மாறினால் வசனத்தையும் மாற்றிப் பொருள் சொல்வோமா? இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை.

2100க்குள் என்ன ஆகும்? கரிப்புகையை வேகமாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை கடல் உயரலாம். மிக அதிகமாக வெளியிட்டுக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. மேற்கு அண்டார்டிகாவின் பனி திடீரெனச் சரிந்தால் இந்தக் கணக்கையும் தாண்டலாம் என்று அதே குழு எச்சரிக்கிறது. இன்று மக்தபில் அலிஃப், பா ஓதும் பிள்ளைகளுக்கு அப்போது எண்பது வயது இருக்கும்.