ஆடட்டும் பிள்ளைகள்

சிவகங்கைச் சீமையின் கானாடுகாத்தானில் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பல, திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும்தான் திறக்கின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. நடுவில் வானம் பார்த்த வளவு. ஓடியாட இதைவிட வேறென்ன இடம் வேண்டும்? ஆனால் வந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு தூணில் சாய்ந்துவிடுகிறார்கள். "எந்திரிச்சு ஓடியாடுங்கப்பா" என்று அப்பத்தா சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோகிறார்.

ஓடச் சொன்னால் ஓடாத பிள்ளையும் பாட்டுப் போட்டால் ஆடும். சின்ன வயதில் நடனம் கற்றுக்கொடுக்க இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

எவ்வளவு அசைவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதே நிறுவனத்தின் இன்னொரு வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு தேவை. வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி அதில் சேர வேண்டும். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று போகும் நாளில் இந்தக் கணக்கு பல வீடுகளில் பாதிகூடத் தேறுவதில்லை.

அரைமண்டி உடம்புக்கு என்ன செய்கிறது?

பரதநாட்டிய வகுப்பில் முதலில் வருவது தட்டடவு என்னும் அடிப்படை அசைவு. முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்து, பாதம் முழுக்கத் தரையில் படும்படி தட்ட வேண்டும். தொடை, இடுப்பு, முதுகு, வயிறு எல்லாத் தசைகளும் ஒன்றாக வேலை செய்தால்தான் அந்த நிலையில் நிற்க முடியும். உடல் எடையைத் தாங்கித் தட்டும்போது எலும்புக்குப் போகும் அழுத்தம், அதை உறுதியாக வளரத் தூண்டுகிறது. ஆயுளுக்கும் நமக்குத் தேவைப்படும் எலும்பு வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிற்காலத்தில் எலும்புத் தேய்மானம் வராமல் காக்கும் வேலை இந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

அடவை மூன்று காலங்களில் செய்ய வேண்டும்: முதலில் மெதுவாக, பிறகு இரட்டித்து, பிறகு இன்னொரு மடங்கு விரைவாக. ஆசிரியரின் தட்டுக்கழி ஓசையைக் காது வாங்க, கால் ஒரு வேலை செய்ய, கை இன்னொன்று செய்ய, கண் கையைத் தொடர வேண்டும். உடலின் சமநிலையும் கவனமும் நினைவாற்றலும் ஒரே நேரத்தில் பழகும் பயிற்சி இது. தாளம் முடியும் இடத்தில் சட்டென்று நிற்கப் பழகும் பிள்ளை, தன் வேகத்தைத் தானே அடக்கவும் பழகுகிறது. துறுதுறுவென்று அலையும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

கும்மியும் நடனம்தான்

சிவகங்கைச் சீமையில் முளைப்பாரி வைத்துக் கும்மி கொட்டாத ஊர் குறைவு. பாட்டு, கைத்தட்டு, குனிந்து நிமிர்தல், வட்டமாய் நகர்தல் எல்லாம் சேர்ந்த நல்ல உடற்பயிற்சி அது. செலவே கிடையாது, கூச்சப்படும் பிள்ளையும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்துவிடும். கோலாட்டத்தில் எதிரில் நிற்பவரின் கோலைக் குறிதவறாமல் தட்ட வேண்டும்; கண்ணும் கையும் ஒத்துழைக்க அது நல்ல பாடம். மாலை வெயிலில் வெளியே ஆடினால் கண்ணுக்கும் நல்லது. வெளியே பகல் வெளிச்சத்தில் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

"ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஆட்டம்?" என்று இன்னும் கேட்கிறார்கள். ஒயிலாட்டம் காலங்காலமாக ஆண்கள் வரிசை கட்டி ஆடியது. பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்களும் பெரும்பாலும் ஆண்களே. பையன்களின் எலும்புக்கும் இதயத்துக்கும் இதே அசைவு வேண்டும்.

அரங்கேற்ற அவசரம் வேண்டாம்

பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியதை எடுத்துக்காட்டிப் பிள்ளைகளை விரட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர் தலைமுறைகளாக இசையும் நடனமும் புழங்கிய வீட்டில் பிறந்தவர். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியோ 1935இல், முப்பது வயதைத் தாண்டித்தான் பரதம் ஆடி மேடையேறினார். மறு ஆண்டே அவர் தொடங்கிய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா உருவானது. வயதில் போட்டி எதற்கு?

மூன்று முதல் ஐந்து வயது வரை பாட்டுக்குக் குதித்தால் போதும். அடவு முறையாகப் பழக ஆறு, ஏழு வயது சரி. அரைமண்டியில் கால் விரிவது இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலுவில் திருப்பினால் முழங்கால் முறுக்கப்பட்டுக் கெடும். நம் வீட்டு வளவும் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையும் அழகுதான். ஆனால் கடினமான தரை. அங்கே மணிக்கணக்கில் தட்டவிட்டால் குதிகாலும் கணுக்காலும் நோகும். மரத்தளம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரத்தைக் குறைத்து, நடுநடுவே ஓய்வு கொடுங்கள். தொடங்கும் முன் உடலைச் சூடேற்றுவதும் முடித்தபின் தசைகளை நீட்டித் தளர்த்துவதும் கட்டாயம்.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழோ குதிகாலிலோ வலி நீடித்தால் சாக்கு என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொஞ்சம் ஆடினாலே களைத்து வெளுத்துப் போகும் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையும் ஆடலாம். இன்ஹேலர் பக்கத்தில் இருக்கட்டும். ஒல்லியாக இருந்தால்தான் மேடையில் எடுப்பு என்று பிள்ளையின் சாப்பாட்டைக் குறைப்பது பெரும் தவறு. பயறு, கேழ்வரகு, முட்டை, பால், கீரை என்று வயிறாரக் கொடுங்கள்.

எங்கே கற்கலாம்?

தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நடனம் கற்றுக்கொடுக்கிறார்கள். சிவகங்கையில் அரசு இசைப் பள்ளியும் இருக்கிறது. இரண்டும் எட்டவில்லையா? இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, கும்மி தெரிந்த ஓர் ஆச்சியைக் கூப்பிட்டு உங்கள் வளவில் பத்துப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்துங்கள். பையன்களையும் சேர்த்து நிறுத்துங்கள்.