தடுப்பு மருந்தின் வழிப்பயணம்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் சந்திரகிரிக் கோட்டையைக் கண்டிருப்போம். அக்குன்றுகளின் அடியிலுள்ள சிற்றூர்களுக்குக் கோடையில் தடுப்பு மருந்து கெடாமல் சேர்வது எங்ஙனம்?

பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகின் அவற்றின் வீரியம் குன்றும். குளிர் மிகினும் தீங்கே; முத்தடுப்பு மருந்து போன்றவை உறைந்தால் பயனற்றுப் போம். ஆதலின், ஐஸ் பொதிகளைக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும் வரை வெளியே வைத்திருந்து, அதன் பின்னரே பெட்டியின் நாற்புறமும் அடுக்கி, நடுவில் மருந்தை வைக்கின்றனர்.

பனிக்கட்டி உருகிவிட்டால் என் செய்வது? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக மாணவர் வில் பிராட்வே, 'ஐசோபார்' என்னும் பெட்டியை வடிவமைத்து, 2016இல் பிரிட்டனுக்குரிய ஜேம்ஸ் டைசன் பரிசைப் பெற்றார். சூடேற்றுகையில் நீரினின்று பிரியும் அம்மோனியா, பின்னர் ஆவியாகி மீண்டும் நீரிற் கலக்கும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவரும். இதுவே அதன் தத்துவம்.

கெட்ட மருந்தும் நல்ல மருந்தைப் போலவே ஊசியில் ஏறும். குழந்தைக்குக் காப்பு மட்டும் இராது. இதற்கெனப் பல குப்பிகளில் வட்டத்தினுள் ஒரு சதுரம் உண்டு. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருப்பின், வெப்பத்தால் மருந்து கெடவில்லை. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் ஒதுக்கத்தக்கது. உறைந்த கேட்டை மட்டும் அது காட்டாது.

பிற மாநிலங்களில் வாழும் நாம் அவ்விடத்து எழுத்தை அறியாதிருக்கலாம். இக்குறியைப் படிக்க எம்மொழியும் வேண்டுவதில்லை.