சித்திர வகுப்பில் யாம் கற்றது

சித்திரம் எழுத அறியாத ஒருவர் சித்திரம் கற்பிக்கப் புகுதல் நகைப்புக்கு இடமாவதொன்று. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்கு அஃது நேர்ந்தது. ஒன்பது பிராயத்தில் யாம் வரைந்த மயிலைக் கண்ட உபாத்தியாயர் ஒருவர், அதனைக் கோழியென்று வகுப்பறியச் சொல்லிவிட்டார். அன்று கீழே வைத்த வண்ணக்கோலை, கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளிக்குப் பயிற்சியின் பொருட்டுச் செல்லுங்காறும் யாம் மீண்டும் எடுத்திலோம்.

அவ்வூரில் திராட்சைப் பந்தல்கள் மிகுதி. ஆதலின் மூன்றாம் வகுப்பின் கரும்பலகையில் திராட்சைக் குலையொன்று எழுதி, அவ்வாறே வரைக என்றோம். தலைகீழ் முக்கோணம்; அதனுள்ளே வட்டங்கள். பிள்ளைகள் யாவரும் அதனையே எழுதினர். ஒரு சிறுமி மாத்திரம் தாளின் மேற்பாதி முழுதும் வட்டங்களால் நிரப்பி, அடியில் ஒரு தலையையும் உயர்த்திய இரு கைகளையும் வரைந்திருந்தாள். குலை எங்கே என்று சற்றுக் கடிந்தே வினவினோம். “பந்தலுக்குக் கீழே நின்று எங்கம்மா பறிக்கும்போது இப்படித்தான் சார் இருக்கும்” என்றாள். எமது பழைய கோழி நினைவுக்கு வந்தது. மேலே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஆஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் கற்பித்த விக்டர் லோவன்பெல்டு என்பார் 1947இல் வெளியிட்ட நூலில், குழந்தைச் சித்திரத்தின் வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்துரைத்தார். இரண்டு வயதில் வெறுங்கிறுக்கல். நான்கு வயதளவில் தலையிலிருந்தே கால்கள் முளைத்த மனிதன். ஏழு வயதில் தாளின் அடியில் நிலக்கோடு ஒன்று தோன்ற, மரமும் வீடும் அதன்மேல் நிற்கும். இவையெல்லாம் பிழைகளல்ல, குழந்தை தான் அறிந்ததையும் தனக்கு முக்கியமானதையும் எழுதுகின்றது. ஒன்பது வயதுக்குமேல், தன் படத்தைக் கண்ட பொருளோடு ஒப்பிட்டு நாணத் தொடங்கும். அப்பொழுது கேலிக்கு ஆளான கை எளிதில் மீளாது. இதனை யாம் நூலில் கற்குமுன்பே அறிந்திருந்தோம்!

நிற்க. ஒரு விடுமுறை நாளில் உத்தமபாளையத்துக் கருப்பணசாமி பாறைக்குச் சென்றோம். அங்கே சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு காணும் வட்டெழுத்துக்கள் ஏறத்தாழ ஆயிரத்து நூறாண்டுப் பழமையுடையன. அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் அவற்றுள் வருகின்றது. வெயில் நேராக விழுகையில் உருவங்கள் பாறையோடு பாறையாகிவிடுகின்றன. ஒளி சாய்ந்து விழுங்கால், விளிம்புதோறும் நிழல் படிந்து எழுந்து நிற்கின்றன. தாளொன்றை மடிமேல் வைத்து ஓர் உருவத்தை எழுதிப் பார்த்தோம். முடித்து ஒப்பிட்டபோது, யாம் வரைந்திருந்தது கோயிற் சுவர்களிற் கண்டு பழகிய முகமேயன்றிப் பாறையிலிருந்த முகமன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எமது முக்கோணத்தைப் பார்த்தெழுதியதற்கும் இதற்கும் பேதம் யாது? இரண்டாம் முறை முகத்தை விட்டுவிட்டு நிழலை மாத்திரம் எழுதினோம். அது சற்றுத் தேறியது.

அடுத்த வகுப்பிற் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. கரித்துண்டு, செங்கற்பொடி, இலைச்சாறு ஆகியவற்றோடு பிள்ளைகளைப் பந்தலடியில் அமர்த்தி, அவரவர் இருந்த இடத்திலிருந்து காண்பதை வரையச் செய்தோம். ஒருவன் தூண் கற்களை மாத்திரம் எழுதினான். மற்றொருவன், ஏன் என்று தெரியவில்லை, தன் காலை எழுதினான். பார்வையிட வந்தவர், கரும்பலகைப் படம் இல்லையென்றும் வகுப்பில் ஒழுங்கு குறைந்ததென்றும் குறித்து மதிப்பெண் குறைத்தார். ஒழுங்கு குறைந்தது மெய்யே. எழுதுமுன் சித்திரம் பழகுதல் வேண்டும் என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் வற்புறுத்தியிருப்பதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

பயிற்சியின் இறுதி நாளில் அச்சிறுமி தன் நோட்டை நீட்டி, எம்மையும் ஏதேனும் வரையுமாறு கேட்டாள். மயில் எழுதினோம். நெடுநேரம் நோக்கியிருந்து, “கோழிக்கு வால் பெரிசா இருக்கு சார்” என்றாள்.