பியானோ ஏறுது, ஓரம் போங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட மயக்கத்தில் வீடே சோபாவில் சரிந்து கிடந்தது. யாரையும் கேட்காமல் லாரல்-ஹார்டி என்ற சிரிப்பு ஜோடியின் 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தைப் போட்டுவிட்டேன். 1932-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், மொத்தமே அரை மணி நேரம். கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் நலம் விசாரிக்கலாம். ஒரு மரப்பெட்டிக்குள் பியானோ. அதை இரண்டு பேர் செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் இருக்கும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்!

படம் முடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. எனக்கோ உள்ளே கிச்சுகிச்சு. ஒவ்வொரு தீர்ப்புக்குப் பின்னாலும் ஒரு ரகசியக் கதவு இருக்கிறதே! வாருங்கள், ஒவ்வொன்றாகத் திறந்து எட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில் அக்கா மகன். "சித்தி, அந்தப் படிக்கட்டு நிஜமா?"

நிஜமேதான்! லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், சில்வர் லேக் பகுதியில், வெண்டோம் தெருவில் இன்றைக்கும் இருக்கிறது. படத்தின் பெயரிலேயே 'மியூசிக் பாக்ஸ் படிகள்' என்று பலகைகூட உண்டு. மொத்தம் 133 படிகள். ஆனால் மூச்சிரைக்க உச்சிக்குப் போய் அந்தப் பணக்கார வீட்டைத் தேடாதீர்கள். அங்கே அப்படியொரு வீடு எப்போதும் இருந்ததில்லை! வீட்டு முகப்பு, முன்னால் உள்ள குளம், உள்ளே நொறுங்கும் சாமான்கள் எல்லாம் கல்வர் சிட்டியில் ஹால் ரோச் ஸ்டுடியோ போட்ட செட். படியேறியது ஒரு ஊரில், கதவைத் தட்டியது இன்னொரு ஊரில்.

இன்னொன்று சொல்லட்டுமா? அந்தப் படிகளுக்கு லாரலும் ஹார்டியும் ஏற்கெனவே பழக்கமானவர்கள். 1927-ல் 'ஹாட்ஸ் ஆஃப்' என்ற மௌனப் படத்துக்காக இதே படிகளில் ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார்கள். அந்தப் படத்தின் பிரதி உலகத்தில் எங்கேயும் இதுவரை அகப்படவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து தூசு தட்டுங்கள்!

அடுத்து பாட்டி. "அந்தக் குண்டு மனுஷன் அடிபடும்போதெல்லாம் என்னையே பாத்தான்டி."

ஆமாம் பாட்டி, உங்களைத்தான்! பியானோ முதுகில் விழுந்ததும் ஆலிவர் ஹார்டி கத்துவதோடு நிறுத்தமாட்டார். நேராகக் கேமராவுக்குள் பார்ப்பார். 'இவனோடு நான் படுகிற பாட்டைப் பார்த்தீர்களா' என்று நம்மிடம் நியாயம் கேட்கும் பார்வை அது. லாரலை விட்டால் அவருக்கு இருக்கிற ஒரே துணை நாம்தான்.

அம்மாவின் கட்சி வேறு. "ஒல்லியா இருக்கானே, அவன்தான் பாவம். ஒண்ணும் தெரியாத பிள்ளை."

அம்மா, சோபாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒண்ணும் தெரியாத பிள்ளைதான் இந்த ஜோடியின் மூளை! இங்கிலாந்தில் பிறந்த ஸ்டான் லாரல், ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் சார்லி சாப்ளினுக்கு மாற்று நடிகராக இருந்து தேறியவர். சிரிப்புக் காட்சிகளை யோசிப்பதிலிருந்து எடிட்டிங் அறையில் வெட்டி ஒட்டுவதுவரை எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். ஷூட்டிங் முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். லாரல் ஸ்டுடியோவிலேயே கிடப்பார். சம்பளமும் லாரலுக்கு இரண்டு பங்கு. அந்த அசட்டு நடைகூடத் தானாக வந்ததில்லை. ஷூவின் குதிகாலை எடுத்துவிட்டுத் தட்டையாக நடந்து வரவழைத்தது!

கடைசியில் தம்பி. கொட்டாவியோடு சொன்னான்: "ஜவ்வு மாதிரி இழுக்குதுக்கா. ஒரு அடி விழுந்தா அடுத்த அடிக்கு எவ்ளோ நேரம் சும்மா நிக்கறாங்க!"

ஆகா, இதற்காகத்தான் காத்திருந்தேன்! அந்தச் 'சும்மா' இருக்கிறதே, அதுதான் பெரிய ரகசியம். லாரல்-ஹார்டி படங்களை வெளியிடும் முன் ஏதாவது ஒரு தியேட்டரில் சாதாரண ஜனங்களுக்கு ஓட்டிக் காட்டுவார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு மறுபடியும் எடிட்டிங். பேசும் படம் வந்துவிட்ட காலம் அல்லவா? சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாது. அதனால் சிரிப்புக்கென்றே இடம் விட்டு வைத்தார்கள், பந்தியில் இலை போட்டு வைக்கிற மாதிரி. ஆள் வராத இலை காலியாகத்தானே தெரியும்? தனியாகக் கைப்பேசியில் பார்க்கிறவருக்குப் படம் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுவது அதனால்தான். முகம் தெரியாத அந்தப் பார்வையாளர்களின் அபிப்பிராயம் பிலிமுக்குள்ளேயே கிடக்கிறது!

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. தபால்காரர் வரும் இடத்தை மட்டும் இரண்டாவது தடவை ஓட்டச் சொன்னார். பெட்டியோடு உருண்டு புரண்டு உச்சிக்குப் போன பிறகு, 'வண்டியிலேயே சுற்றி வர ரோடு இருக்கிறதே' என்கிறார் தபால்காரர். இரண்டு மேதைகளும் என்ன செய்கிறார்கள்? பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாக ஒழுங்காகக் கொண்டு வருகிறார்கள்! "அவங்க முறைப்படி செய்றாங்கடா," என்றார் அப்பா, ஓய்வுபெற்ற அரசு ஊழியர். இந்த முறைப்படிக்குத்தான் நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர் விருது கிடைத்தது.

போகிற போக்கில் கடைசிக் கதவு. முதுமையில் சாண்டா மோனிகாவில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருந்தார் லாரல். அவர் பெயரும் எண்ணும் டெலிபோன் டைரக்டரியிலேயே இருந்தன. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். டிக் வான் டைக் என்ற நடிகர் அப்படித்தான் அவரைக் கண்டுபிடித்தார். தியேட்டரில் ஜனங்களின் சிரிப்புக்குக் காது கொடுத்த மனிதர், கடைசிவரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் அத்தை குடும்பம் வந்து இறங்கியது. மொத்தம் பதினோரு பேர், பஜ்ஜி, மறுபடியும் அதே படம். பெட்டி முதல் தடவை தடதடவென்று கீழே உருண்டதும் கூடம் அதிர்ந்தது. தம்பிக்கு இந்தத் தடவை வேறு புகார்.

"கொஞ்சம் நிறுத்துக்கா! சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது!"