சூரியகாந்திக்காகவே ஒரு தேனீ

தேனீ என்றதும் ராணியும் தேனடையும்தானே நினைவுக்கு வருகின்றன? உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தனியாகவே வாழ்கின்றன. வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளிகளில் வாழும் மெலிசோடெஸ் அஜிலிஸ் அவற்றில் ஒன்று.

1878-இல் எஸ்ரா கிரெஸன் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இதை முதலில் விவரித்தார். மெலிசோடெஸ் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றின் ஆண்களுக்கு உணர்கொம்புகள் மிக நீளம். அதனால் அடையாளம் காண்பது எளிது. பெண்களைப் பிரித்தறிவது கடினம். வாலஸ் லபெர்ஜ் என்ற அறிஞர் 1956 முதல் 1961 வரை வெளியிட்ட ஆய்வுகளில் இந்தப் பேரினத்தின் வட, நடு அமெரிக்க இனங்களை வகைப்படுத்தினார். வியப்பு என்ன தெரியுமா? நம் தேன்கூட்டுத் தேனீயும் இதுவும் ஒரே குடும்பம், ஏப்பிடே!

கோடையில் ஆண்கள் முதலில் வெளிவரும். அவற்றுக்குக் கூடு கிடையாது. மாலையானால் பூக்களிலேயே கூட்டமாகத் தூங்கிவிடும். பெண்ணுக்கோ ஓய்வே இல்லை. தன்னந்தனியாக மண்ணைத் தோண்டிச் சுரங்கம் அமைக்கிறாள். சிறு அறைகள் செய்து, ஈரம் புகாதபடி சுவரில் மெழுகு போன்ற பூச்சு பூசுகிறாள். பிறகு பின்னங்கால்களின் அடர்ந்த முடியில் மகரந்தத்தை அள்ளிவருகிறாள். பெரும்பாலும் சூரியகாந்தி, அதன் உறவுச் செடிகளின் மகரந்தம்தான். அதைப் பூந்தேனோடு பிசைந்து வைத்து, அறைக்கு ஒரு முட்டை இட்டு மூடிவிடுகிறாள்.

பனிக்காலத்துக்கு முன்பே தாய் இறந்துவிடுகிறாள். பிள்ளைகளின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. தாய் வைத்துப்போன உணவைத் தின்று வளர்ந்த புழு, மண்ணுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த ஆண்டு சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் தேனீயாக வெளிவரும்.

ஆபத்தும் உண்டு. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப் போல, ட்ரைஎபியோலஸ் என்ற தேனீ இவளுடைய அறைக்குள் திருட்டுத்தனமாக முட்டையிடும். அதன் புழு, வீட்டுக்காரியின் குஞ்சைக் கொன்று உணவைத் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உழவு. உயர்புல் பிரெய்ரியில் இன்று 4 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. மண்ணைப் புரட்டினால் கூடும் போகும், காட்டுப் பூக்களும் போகும்.

நம் ஊரிலும் நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் கூடு கட்டுகிறது. வெற்றுத் தரையிலோ மண்சுவரிலோ சிறு துளைக்குள் தேனீ நுழைவதைப் பார்த்தால், அதை அடைத்துவிடாதீர்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அது என்ன கொண்டுவருகிறது என்று கவனியுங்கள்.