நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கணக்கு

பெசன்ட் நகரில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கும் வீட்டு பீரோவைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். பென்ஷன் ஆணை, சொத்துவரி ரசீது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தாள்கள். அடியில் ரப்பர் பேண்டு போட்ட எஃப்.டி. ரசீதுகள். அந்தக் கட்டில் வங்கி ரசீதும் இருக்கும், ‘ஃபண்டு’ ரசீதும் இருக்கும். தொகை, வட்டி, முதிர்வுத் தேதி, கையெழுத்து என்று இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு.

அந்த வித்தியாசத்தைத் தென்சென்னைக்குக் கசப்பாகப் புரியவைத்தது மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டு விவகாரம். 1872-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று பணம் போட்ட குடும்பங்கள் உண்டு. மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு போன்ற கதையல்ல இது. வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி, அவ்வளவுதான். ஆகவே ‘பேராசைப்பட்டார்கள், ஏமாந்தார்கள்’ என்ற வழக்கமான ஏச்சு இவர்களுக்குப் பொருந்தாது. முதிர்ந்த டெபாசிட் கைக்கு வரவில்லை, கொடுத்த காசோலைகளும் திரும்பிவிட்டன என்று புகார்கள் குவிந்தன. 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைக் கைது செய்தனர். டெபாசிட்டாரர்களுக்குத் திரும்ப வரவேண்டியதாக அப்போது பேசப்பட்ட தொகை 525 கோடி ரூபாய். குற்றம் உண்டா இல்லையா என்பதைச் சொல்லவேண்டியது நீதிமன்றம்.

பழைய பெயரை நம்பிப் பணம் போட்டுக் கலங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1906 அக்டோபரில் மெட்ராஸின் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோதும் இதே கலக்கம்தான். அந்தச் சூட்டில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907-ல் இந்தியன் வங்கியைப் பிறக்கவைத்தார்.

மயிலாப்பூர் ஃபண்டு போன்ற நிறுவனங்களைச் சட்டம் ‘நிதி’ என்கிறது. சரி, ‘நிதி’ என்றால் என்ன? உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும் கம்பெனி. வங்கியை ரிசர்வ் வங்கி மேற்பார்க்கிறது. நிதியைப் பார்த்துக்கொள்வது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம். வங்கி திவாலானால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நிதிக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

2014-ம் ஆண்டின் நிதி விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். சொந்த நிதியைப்போல் 20 மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. டெபாசிட்டில் 10 சதவீதத்தை அடமானம் எதுவும் இல்லாமல் வங்கி வைப்பில் போட்டுவைக்க வேண்டும். கடன் என்றால் நகை, வீடு மனை, டெபாசிட் ரசீது போன்றவற்றின் பேரில்தான். எவ்வளவு பெரிய நிதியானாலும் ஒரு உறுப்பினருக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் தரக்கூடாது. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஆடிட்டர் ஆண்டுதோறும் தனிச் சான்று கொடுத்துத் தணிக்கை அறிக்கையோடு இணைக்க வேண்டும்.

இன்னொரு விதி பலருக்கும் தெரியாது. எஃப்.டி. போடுபவருக்கு நிதி குறைந்தது 100 ரூபாய்க்காவது பங்கு ஒதுக்கியாக வேண்டும். அதாவது ரசீதுக்காரர் வெறும் வாடிக்கையாளர் இல்லை, கம்பெனியின் பங்குதாரர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம். எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும் எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பில் ஒருவருக்கு 5 சதவீத வாக்குக்கு மேல் கிடையாது.

உரிமை இப்படி இருக்க, அதற்குள்ளேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. மற்ற கம்பெனிகள் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும். நிதிகளுக்கு 2015-ல் சலுகை வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் பங்கு இல்லாத சிறு உறுப்பினருக்குக் கணக்கை அனுப்பவேண்டியதில்லை. செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து, கணக்கை அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். முழங்கால் வலியோடு அடையாற்றிலிருந்து பஸ் பிடித்துப் போய், கண்ணாடிக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பாலன்ஸ் ஷீட்டை நின்றபடி படிக்கும் எழுபது வயதுக்காரர் எத்தனை பேர்? தபால் செலவை மிச்சப்படுத்த வந்த சலுகை, கணக்கையே கண்ணில் படாமல் செய்துவிட்டது.

பஸ் ஏறாமலும் பார்க்க வழி உண்டு. அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது, கணக்கு தாக்கலாகியிருக்கிறதா என்பது. ஓர் ஆண்டு விட்டுப்போயிருந்தாலே எச்சரிக்கைதான். அடுத்து ஆடிட்டர் அறிக்கை. ‘இன்ன விஷயம் நீங்கலாக’ என்ற தொனியில் ஒரு பத்தி இருந்தால் அங்கே நின்று படிக்க வேண்டும். லாபம் நிறைய, கையில் ரொக்கம் குறைவு என்றால் வரவேண்டிய வட்டியை வந்ததாகவே எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்கலாம். பதவிக்காலம் முடியுமுன் ஆடிட்டர் விலகினால், 30 நாளுக்குள் காரணத்தைக் கம்பெனிப் பதிவாளருக்கு எழுதித் தர வேண்டும். அந்த ஒரு பக்கக் கடிதம் சில சமயம் ஐம்பது பக்க ஆண்டறிக்கையைவிட அதிகம் பேசும்.

ஆனால் கணக்குப் படிக்கும் பொறுப்பைப் பென்ஷன்காரர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க முடியாது. அதற்காகச் சம்பளம் வாங்குபவர் ஆடிட்டர். அவர் சரிபார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.டி. நிறுவனமான சத்யம் ஓர் உதாரணம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். இருப்பு உண்மைதானா என்று வங்கியிடம் நேரடியாக எழுதிக் கேட்பது தணிக்கைப் படிப்பின் பாலபாடம். 2013 கம்பெனிச் சட்டம் அதற்கு மேலும் போனது. ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் மோசடி நடப்பதாக நம்பக் காரணமிருந்தால், ஆடிட்டர் மத்திய அரசுக்கே எழுத வேண்டும். எழுதாவிட்டால்? பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி என்றால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய். தி. நகரில் நல்ல கல்யாணப் பட்டு ஒன்றின் விலை! இந்தத் தொகையை உயர்த்தாமல் நேர்மை பற்றிக் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை.

பணம் சிக்கிக்கொண்டால் முதலில் செய்யவேண்டியது, ஒரிஜினல் ரசீதை ‘புதுப்பித்துத் தருகிறோம்’ என்பவரிடம் கொடுக்காமல் இருப்பது. கொடுத்தே தீர வேண்டுமானால், பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். திரும்பிய காசோலையையும் வங்கி தந்த மெமோவையும் பத்திரப்படுத்த வேண்டும். முதிர்வுத் தேதி தாண்டியும் பணம் வராவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த டெபாசிட்டாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம். சிறப்பு நீதிமன்றம் அதை விற்றுப் பகிர்ந்து தரலாம். தவறியவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறையும் உண்டு. இந்தச் சட்டம் செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்ற பணம் புகார்ப் பட்டியலைப் பார்த்தே பங்காகும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டாரே என்று சும்மா இருக்கக்கூடாது.

நூறு டெபாசிட்டாரர்கள் சேர்ந்தால் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கூட்டு வழக்குப் போடலாம். இயக்குநர்களிடம் மட்டுமல்ல, தவறாகச் சான்று தந்த ஆடிட்டரிடமும் நஷ்டஈடு கேட்கலாம். ஆடிட்டரின் தொழில் ஒழுக்கம் குறித்த புகாரைப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஒழுங்கு இயக்ககத்துக்கு அனுப்பலாம்.

நிதிகளின் கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும். ஃபண்டு ரசீது வைத்திருப்பவர்கள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதச் செய்தித்தாள்களில் கட்டம் போட்ட அந்தச் சின்ன அறிவிப்பைத் தேடுங்கள். கிடைத்தால், கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கணக்குத் தெரிந்த ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு அந்த நோட்டீஸ் போர்டுக்குப் போய்வாருங்கள்.